செல்லோ பள்ளியுடையது, வாசிப்பு யாருடையது?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஓர் ஊரிலிருந்து 33 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பா தவில் வித்வான். மகளுக்கு எட்டு வயதில் வயலின் ஆரம்பம். கல்லூரிக்காகச் சென்னை போன இடத்தில், உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோவைப் பார்த்திருக்கிறார். "முதல் நாள் அதை நெஞ்சில் சாய்த்து அடித் தந்தியில் வில்லை இழுத்தபோது, சின்ன வயதில் அப்பாவின் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு அதிர்ந்தது ஞாபகம் வந்தது" என்று எழுதுகிறார். லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்து, சில வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊர் திரும்பி, தஞ்சை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியையாகச் சேர்ந்தார். நான்கு வருடம் ஆகிறது. சம்பளம் 28,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்பது பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள், ஆளுக்கு மாதம் 1,500. முகூர்த்த நாட்களில் ஒரு குழுவோடு கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறார், ஒரு நிகழ்ச்சிக்கு 6,000.

வைகாசியில் ஒரு வரவேற்பில் அவர் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை வீடியோ எடுத்த ஸ்டூடியோ தன் யூடியூப் சேனலில் போட்டது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் ஓடவிட்டது. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. விளம்பரத்தைப் பார்த்த பள்ளித் தாளாளர் மெமோ கொடுத்துவிட்டார்: வேலையில் இருக்கும்போதும், விட்ட பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் வெளியே வாசிக்கவோ கற்பிக்கவோ கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது, மீறியதற்கு 2 லட்சம் கட்ட வேண்டும், ஏழு நாளில் பதில் வேண்டும். அசல் சான்றிதழ்கள் சேர்ந்த நாளிலிருந்து பள்ளியின் அலமாரியில் இருக்கின்றன.

அவருடைய கேள்விகள்: "கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி இரண்டு வருடம் வில்லைத் தொடக்கூடாதா? பாட்டு தியாகராஜருடையது என்பதால் வீடியோவைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லைதானே? செல்லோ எனக்குப் பரிசாக வந்தது, அதை எடுத்துக்கொண்டு நாளைக்கே ராஜினாமா கொடுக்கட்டுமா? லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா?"

சகோதரி, முதலில் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வேலையை விடுவது தவறு என்பதால் சொல்லவில்லை. மெமோவுக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனால், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓடியதாகக் கோப்பில் எழுதிவிடுவார்கள். உங்கள் அண்ணன் சொன்ன "அது நான் இல்லை என்று எழுதிவிடு" யோசனையும் வேண்டாம். நம் பகுதியில் கல்யாண மேடையில் செல்லோ வாசிக்கும் பெண்கள் எத்தனை பேர்? பொய் ஒரு நாள்கூடத் தாங்காது. பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பு இருக்காது.

வேலையில் இருக்கும்போது ஒன்று, விட்ட பிறகு வேறு

உங்கள் ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் இரண்டு தடைகள் இருக்கின்றன. இரண்டையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

விட்ட பிறகு இரண்டு ஆண்டுகள் என்ற பகுதி உங்களைப் பயமுறுத்த மட்டுமே உதவும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு: ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் இதைத் தெளிவாகவே சொன்னது; ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் தடை செல்லாது. பந்து வீசுபவருக்குப் பொருந்துவது வில் பிடிப்பவருக்கும் பொருந்தும். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: தொடலாம், வாசிக்கலாம், கற்பிக்கலாம்.

ஆனால் வேலையில் இருக்கும் காலத்துத் தடை அப்படியல்ல. கடிதத்தில் மூன்று இடத்தில் "கலைக்குத் தடை போட முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நீதிமன்றத்தில் எடுபடாது. சம்பளம் வாங்கும் காலத்தில் வேறு இடத்தில் அதே தொழிலைச் செய்வதில்லை என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. அனுமதி வாங்காமல் வாசித்தது உங்கள் பக்கத்துப் பலவீனம், அதை மறைக்க வேண்டாம்.

பலமும் உண்டு. பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் உங்கள் பெயருக்குக் கீழே 'மேடைக் கலைஞர்' என்று அவர்களே அச்சிட்டதாகச் சொல்கிறீர்கள். தாளாளரின் உறவினர் வீட்டு வரவேற்பிலேயே உங்கள் குழு வாசித்திருக்கிறது. நான்கு வருடமாகத் தெரிந்தே சும்மா இருந்தவர்கள், விளம்பரம் வந்த பிறகு திடீரென்று விழித்துக்கொண்டது எப்படி என்று கேட்க இடம் இருக்கிறது. அந்த அழைப்பிதழைத் தேடி எடுத்து வையுங்கள். உங்களுக்கு அது இந்த ஆறு பக்கங்களைவிட உதவும்.

மெமோவில் 'அந்நிய வாத்தியத்தைக் கேளிக்கையில் வாசித்துப் பள்ளியின் கண்ணியத்தைக் குறைத்தார்' என்று ஒரு வரி. தஞ்சாவூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியவருக்கு ஊர்க் கதை தெரியாது போலிருக்கிறது. சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியங்களோடு பேண்டு வைத்திருந்தார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதினார், அவைதான் நோட்டுசுவரங்கள். அவர் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இதையெல்லாம் பதில் கடிதத்தில் எழுதாதீர்கள். எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை.

இரண்டு லட்சம்

ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால் அதை அப்படியே கட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி எழுதப்பட்ட தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பள்ளியின் வக்கீல் கட்டாயம் அதை எடுத்துக்காட்டுவார். ஆனால் அங்கே அகில இந்தியத் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவு இருந்தது. உங்களுக்குப் பள்ளி எந்தப் பயிற்சியும் தரவில்லை. பயிற்சி தந்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் வாசித்ததால் பள்ளிக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்ல அவர்கள் சிரமப்பட வேண்டியிருக்கும்.

சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாக வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

லேபர் கோர்ட்? வேண்டாம். ஆசிரியர்கள் அன்றைய தொழில் தகராறு சட்டத்தில் சொல்லப்பட்ட 'தொழிலாளர்' அல்லர் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வாசலில் நின்று வருடங்களைக் கழிக்க வேண்டாம்.

அந்த வீடியோ

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்பட வைத்த வரி, "பாட்டு என்னுடையது இல்லையே, நான் வெறுமனே வாசித்தவள்தானே" என்பது. தியாகராஜர் 1847-ல் மறைந்தார், அவர் கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அதுவரை சரி. ஆனால் 'வெறுமனே வாசித்தவருக்கு' என்றே நம் பதிப்புரிமைச் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. நிகழ்த்துக் கலைஞர் உரிமை என்று அதைச் சொல்லலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு அது இன்னும் வலுவானது.

அதன்படி உங்கள் வாசிப்பைப் பதிவு செய்வது, பிரதி எடுப்பது, பொதுமக்களிடம் பரப்புவது எல்லாவற்றுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 வருடம் இந்த உரிமை நிற்கும். வாசித்தவர் இன்னார் என்று பெயர் சொல்லக் கேட்பதும், பெயர் கெடும்படி வாசிப்பை வெட்டித் திரித்தால் தடுப்பதும் தனி உரிமைகள். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 6,000 ரூபாயைக் கவரில் வாங்கியதால் நீங்கள் எதையும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

மூன்று பேரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கல்யாண வீட்டார் தங்கள் ஞாபகத்துக்கு வீடியோ வைத்திருப்பதில் தப்பில்லை, சொந்த உபயோகத்துக்குச் சட்டமே இடம் தருகிறது. ஸ்டூடியோ தன் சேனலில் போட்டது அதைத் தாண்டியது. ஜவுளிக்கடை அதை வைத்துப் புடவை விற்றது எல்லாவற்றையும் தாண்டியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்டூடியோக்காரரிடம் பேசிப் பெயர் போடச் சொல்வேன், அடுத்த முகூர்த்தத்தில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே. நோட்டீஸ் கடைக்குத்தான் போகும். விளம்பரத்தை நிறுத்த வேண்டும், எவ்வளவு காலம் எங்கெல்லாம் ஓடியது என்று கணக்குத் தர வேண்டும், பணம் தர வேண்டும். அவர்கள் நீக்குவதற்கு முன்னால் அந்த விளம்பரத்தையும் அதன் இணைப்பையும், தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள்.

வழக்கு வரை போனால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம், வழக்குப் போடுபவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய அனுமதிக்கிறது. விவகாரத்தின் மதிப்பு 3 லட்சத்தைத் தொட்டால் வணிக நீதிமன்ற நடைமுறை வரும். அவசரத் தடை கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் நோட்டீஸிலேயே முடியும் விஷயம் இது. பண்டிகைக் காலத்தில் எந்தக் கடையும் வழக்குச் செய்தியை விரும்பாது.

இன்னொரு சின்னச் சந்தேகத்துக்கும் பதில். வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமத் தொகை கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்தையும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களையும் சட்டம் விலக்கியிருக்கிறது. ஆனால் அதைப் பதிவு செய்து உங்கள் சேனலில் போட்டால் அந்த விலக்கு பொருந்தாது.

செல்லோ யாருடையது?

இங்கேதான் நீங்கள் சறுக்குகிறீர்கள். ஆண்டு விழா மேடையில் பொன்னாடை போர்த்தி, தாளாளர் செல்லோவைக் கையில் கொடுத்து "இனி இது உங்களுடையது" என்றார் என்கிறீர்கள். அசையும் பொருளைக் கையில் கொடுத்தாலே தானம் நிறைவேறும் என்பது உண்மைதான். ஆனால் மேடைப் பேச்சு தானமா, உபசாரமா? பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அது இன்னும் இருக்கிறது, வருடா வருடம் நீங்களே அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சி.

ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டுச் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்தால், நம்பிக்கை மோசடி என்று, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் புகார் கொடுக்க வழி திறந்துவிடும். இதுவரை உரிமைப் பிரச்சினையாக இருந்தது போலீஸ் பிரச்சினையாகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் இரண்டு சண்டைகளை, நியாயம் கலங்கலாக இருக்கும் ஒன்றுக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். விலகும் நாள் வந்தால் நான்கு பக்கமும் படம் எடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். போன ஐப்பசி மழையில் ஓரத்தில் பசை விட்டு வாய் பிளந்ததைச் சொந்தச் செலவில் சரி செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த பில் இருந்தால் தொகையைக் கேளுங்கள்.

பள்ளிக் குழுவுக்காக நீங்கள் எழுதிய நோட்டேஷன், அதாவது சுரக் குறிப்பு, விஷயத்திலும் இதே கலங்கல்தான். 22 பிள்ளைகளுக்கு வாசிக்க ஏற்றபடி நோட்டுசுவரங்களைப் பிரித்து எழுதியது உங்கள் உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் முதலாளிதான். பள்ளியில் சேர்வதற்கு முன் எழுதியதும், வீட்டுப் பிள்ளைகளுக்கென்று எழுதியதும் உங்களுடையவை. தேதி போட்டுத் தனி நோட்டில் பிரித்து வையுங்கள்.

விடலாமா?

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 40 நிகழ்ச்சி என்கிறீர்கள், அது மாதத்துக்கு 20,000. வீட்டு வகுப்பு 13,500. ஆகப் பள்ளியை விட்டாலும் 33,500 கிடைக்கும், சம்பளத்தைவிட அதிகம் என்பது வாதம். ஆனால் இன்று மூன்றும் சேர்ந்து 61,500 வருகிறதே! மேலும் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, அப்பாவின் மாத்திரைக்கு முகூர்த்தக் கணக்கு கிடையாது. மார்கழி சென்னை சபாக்களில் பக்கவாத்தியத்துக்குச் செல்லோவைக் கூப்பிடும் வழக்கமும் இன்னும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பள்ளியின் செல்லோவைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் எதில் வாசிப்பீர்கள்? மேடைக்கு ஏற்றது ஒன்று வாங்க லட்சத்துக்கு மேல் வேண்டும். அது கைக்கு வரும் வரை ராஜினாமா என்ற சொல்லை வீட்டில்கூட எடுக்காதீர்கள்.

எனக்குச் சரியென்று படுவது மூன்றாவது வழி. முழுநேர வேலையை விட்டு, வாரத்தில் மூன்று நாள் வருகைதரு ஆசிரியையாக இருக்கிறேன் என்று நீங்களே முன்மொழியுங்கள். சம்பளம் குறையும், ஆனால் பணியாளர் என்ற கட்டு தளரும். வெளியே வாசிக்கலாம், கற்பிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறும், இனி எழுதும் நோட்டேஷன் உங்களுடையது என்று இன்னொரு வரி. தந்தி வாத்தியக் குழுவைக் காட்டித்தான் பள்ளி சேர்க்கை விளம்பரம் செய்கிறது. இந்த வட்டாரத்தில் உங்களுக்குப் பதில் இன்னொரு செல்லோ ஆசிரியையை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? பேரம் பேசும் இடத்தில் நீங்கள் நினைப்பதைவிட உயரத்தில் இருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கவனம்: பள்ளிப் பிள்ளைகள் தாங்களாக வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அது பெற்றோர் விருப்பம், பள்ளிப் பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து நீங்கள் அழைத்தால் அது வேறு.

ஜிஎஸ்டி என்று அண்ணன் பயமுறுத்துவதை விட்டுத் தள்ளுங்கள். சேவைக்கான வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். சாஸ்திரீய, நாட்டுப்புற இசைக் கச்சேரிக்கு ஒரு நிகழ்ச்சி 1.5 லட்சம் வரை வரியே கிடையாது. வருமான வரிக் கணக்கு மட்டும் ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள், செல்லோ வாங்க வங்கிக் கடன் கேட்கும்போது அதுதான் உங்கள் முகம்.

அப்பா காலத்தில் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்தால் போதும், யாரும் வாக்கு மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாறியவர்கள் அப்போதும் உண்டு, அப்பா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இனி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாட்ஸ்அப்பிலாவது நான்கு வரி போகட்டும்: தேதி, தொகை, முன்பணம், வீடியோவைச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். அங்கே போகும்போது ஒப்பந்த நகல், மெமோ, அழைப்பிதழ், விளம்பரப் பதிவு நான்கும் கையில் இருக்கட்டும்.

மெமோவுக்குப் பதிலை இந்த அளவில் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்:

"தங்கள் மெமோ கிடைத்தது. குறிப்பிட்ட நிகழ்ச்சியில் பள்ளி வேலை நேரத்துக்கு வெளியே வாசித்தது உண்மை. அந்தப் பதிவு விளம்பரமாக்கப்பட்டது என் சம்மதமில்லாமல் நடந்தது, அதன் மீது தனியாக நடவடிக்கை எடுத்துவருகிறேன். நான் மேடைக் கலைஞர் என்பது பள்ளிக்குத் தெரிந்ததே என்பதற்கு இத்துடன் இணைத்துள்ள அழைப்பிதழ் சான்று. இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்கவில்லை. இனி வெளி நிகழ்ச்சிகளுக்கு எழுத்துமூல அனுமதி பெறுவது குறித்தும், என் பணி நிலையை மாற்றி அமைப்பது குறித்தும் நேரில் பேச நேரம் ஒதுக்க வேண்டுகிறேன். சேர்ந்தபோது ஒப்படைத்த அசல் சான்றிதழ்களை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

ஏழு நாள் என்று அவர்கள் கொடுத்தார்கள். நீங்களும் ஏழு நாளே கொடுங்கள்.